7. கேமுக்கு ஏற்ற டைமிங் செயின்

கேம்ஷாஃப்ட் மாற்ற நினைப்பவர் லிஃப்ட் எவ்வளவு, டியூரேஷன் எவ்வளவு என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார். வால்வ் ஸ்ப்ரிங், புஷ்ராட், கேஸ்கெட் எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுவார். கடைசியில் இன்ஜினின் முன்கவரைக் கழற்றி வைத்துக்கொண்டு, "பழைய செயினையே திரும்பப் போட்டுக்கலாம் இல்லையா?" என்று கேட்பார். கவரைத் திறப்பதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, டைமிங் செயின் விஷயம் அதேதான். செயினின் விலை கேமின் விலையில் ஒரு பங்கு. அந்த இடத்துக்குப் போய்ச் சேருவதற்குத்தான் ரேடியேட்டரையும் வாட்டர் பம்பையும் கிராங்க் முனையிலுள்ள பேலன்சரையும் ஆயில் பம்பையும் கழற்ற வேண்டியிருக்கிறது. ஐந்தாம் தலைமுறை கார்வெட்டாக இருந்தால் ஸ்டியரிங் ரேக்கையும் நகர்த்தியாக வேண்டும். இவ்வளவு தூரம் போய்விட்டு, செயினில் மிச்சம் பிடிப்பது கணக்குத் தெரியாத சிக்கனம்.

இந்த அத்தியாயத்துக்கு ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வகை வி8 இன்ஜினை எடுத்துக்கொள்கிறேன். 1997 மாடல் கார்வெட்டில் 5.7 லிட்டர் எல்எஸ்1 ஆக வந்தது. பின்னால் எல்எஸ்6, எல்எஸ்2, 7 லிட்டர் எல்எஸ்7, 6.2 லிட்டர் எல்எஸ்3 என்று குடும்பம் பெருகியது. பிளாக்குக்குள் ஒரே ஒரு கேம், புஷ்ராட், சிலிண்டருக்கு இரண்டு வால்வ். இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் நடுவில் ஒரு குட்டைச் செயினும்தான் மொத்த டைமிங் அமைப்பே. தலைக்கு இரண்டு கேம் வைத்த இன்ஜின்களில் இருப்பதுபோல நீண்ட செயினும் நாலைந்து கைடும் இதில் கிடையாது. அதனால் செயின் என்ன செய்கிறது, எங்கே திணறுகிறது என்பதை இதில் தெளிவாகப் பார்க்க முடியும்.

செயினின் மேல் விழும் சுமை

கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. அந்த ஒரு சுற்றில் பதினாறு வால்வும் ஒரு தடவை திறந்து மூடுகின்றன. எல்எஸ்3 இன்ஜினின் உச்சவரம்பு நிமிடத்துக்கு 6,600 சுற்று. அப்போது கேம் விநாடிக்கு 55 தடவை சுற்றுகிறது, வால்வ் திறப்புகள் விநாடிக்கு 880. ஒவ்வொரு திறப்பிலும் ஸ்ப்ரிங் கேமைப் பின்னுக்குத் தள்ளும், செயின் விறைக்கும். லோபின் உச்சியைத் தாண்டியதும் அதே ஸ்ப்ரிங் கேமை முன்னுக்கு உந்தும், செயின் தளரும். எட்டு சிலிண்டரின் இழுப்பும் உந்தலும் ஒன்றையொன்று ஓரளவு சமன் செய்துகொள்கின்றன என்றாலும், மிச்சமிருக்கும் வெட்டி இழுப்பு முழுவதையும் அந்தச் செயின்தான் தாங்குகிறது.

தொழிற்சாலை எல்எஸ்3 கேமின் டியூரேஷன், லிஃப்டர் 0.050 அங்குலம் உயர்ந்த இடத்திலிருந்து அளந்தால், இன்டேக்குக்கு 204 டிகிரி, எக்ஸாஸ்டுக்கு 211. வால்வ் லிஃப்ட் 0.551, 0.522 அங்குலம். இதன் இடத்தில் 230 டிகிரிக்கு அருகில், 0.600 அங்குலத்துக்கு மேல் தூக்கும் கேம் ஒன்றை வைக்கிறீர்கள் என்று கொள்வோம். லோபின் சரிவு செங்குத்தாகிறது. அந்தச் சரிவில் லிஃப்டர் எகிறாமல் ஒட்டிப் போக ஸ்ப்ரிங்கும் கடுமையாக வேண்டும். வால்வ் மூடியிருக்கும்போது சுமார் 90 பவுண்டு அழுத்திய ஸ்ப்ரிங் போய், 130 முதல் 150 பவுண்டு அழுத்தும் இரட்டை ஸ்ப்ரிங் வந்து உட்காருகிறது. உச்சவரம்பையும் 7,000க்குத் தூக்கி வைப்பீர்கள். கேம் மட்டும் மாறியதாக நாம் நினைத்துக்கொண்டிருப்போம். செயினுக்கோ எல்லாமே மாறிவிட்டது.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். 1955இல் வந்த பழைய செவ்ரோலே ஸ்மால் பிளாக்கில் கேம்தான் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றும். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு கீழே போய் ஆயில் பம்பைச் சுற்றும். ஆக, பம்ப் தள்ளும் எண்ணெயின் பாரமும் கடைசியில் செயின் தலையில்தான். எல்எஸ் இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரே இல்லை, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் காயில். ஆயில் பம்ப் நேராகக் கிராங்க் மூக்கிலேயே மாட்டியிருக்கிறது. "பெரிய ஆயில் பம்ப் போட்டேன், அதனால் இரட்டைச் செயின் வேண்டும்" என்று எல்எஸ்காரர் சொன்னால், ஸ்மால் பிளாக் காலத்து அறிவுரையை அப்படியே ஒப்பிக்கிறார் என்று பொருள்.

நீண்ட செயின்

"செயின் நீண்டுவிட்டது" என்று எல்லாரும் சொல்கிறோம். இரும்புத் தகடு இழுபட்டு நீளவில்லை. சைக்கிள் செயினில் நடப்பதேதான் இங்கும் நடக்கிறது: பின்னும் அதைச் சுற்றிய புஷ்ஷும் தேய்கின்றன. ஒரு கண்ணியில் மயிரிழை அளவு, எல்லாக் கண்ணியும் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரிகிற அளவு. செயின் நீண்டால் கேம் பின்தங்கும். கேம் பின்தங்கினால் இழுவிசை மேல்வேகத்துக்கு நகர்ந்துவிடும், கீழே வண்டி சோம்பும். பெரிய கேமுக்குக் கீழ்வேக இழுவை ஏற்கெனவே குறைச்சல். அதில் இன்னும் மூன்று நான்கு டிகிரியைச் செயின் தின்றுவிட்டால், புதுக் கேம் போட்டும் வண்டி முன்னைவிட மந்தமாக இருக்கிறது என்று புலம்ப வேண்டியதுதான்.

சோதிக்க ஒரு பழைய பட்டறை வழக்கம் உண்டு. கழற்றிய செயினையும் புதுச் செயினையும் பக்கவாட்டில், தகடுகள் மேலும் கீழும் இருக்கும்படி, ஒரு முனையைப் பிடித்துக் கிடையாக நீட்டிப் பாருங்கள். தேய்ந்தது வில்லாக வளைந்து தொங்கும். புதிதாக வாங்கிய மலிவுச் செயினே அப்படித் தொங்கினால், பெட்டியில் போட்டுக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எந்த வகை

பழைய அமெரிக்க வி8 இன்ஜின்கள் பலவற்றில் வந்தது சைலன்ட் செயின், அதாவது பல் வெட்டிய தகடுகளை அடுக்கிக் கோத்தது. சத்தம் குறையட்டும் என்று அலுமினிய கேம் கியரின் பற்களுக்கு நைலான் பூசியும் அனுப்பினார்கள். வருஷக்கணக்கில் சூடேறிய நைலான் வெடித்து உதிரும். உதிர்ந்த துண்டுகள் ஆயில் சம்ப்பில் விழுந்து பம்பின் உறிஞ்சு வலையை அடைக்கும். அறுபது, எழுபதுகளின் இன்ஜின் ஒன்றைத் திறக்கிறவர் அந்தக் கியரைக் கண்டால் யோசிக்கவே வேண்டாம், குப்பைக்கூடைதான். கூடவே சம்ப்பையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

ரோலர் செயினில் ஒற்றை வரிசையும் உண்டு, இரட்டை வரிசையும் உண்டு. "ட்ரூ ரோலர்" என்று பெட்டியில் போட்டிருந்தால் உருளை உண்மையிலேயே உருள வேண்டும். கையில் எடுத்து நகத்தால் தள்ளிப் பாருங்கள். சில இரட்டைச் செயின்களில் உருளைபோலத் தெரிவது நகராத புஷ்தான்.

செயினே இல்லாத கியர் டிரைவும் இருக்கிறது. அதன் ஊளைச் சத்தத்தை ரசிப்பவர்களுக்கு அது சங்கீதம். இன்ஜினில் உள்ள நாக் சென்சருக்கு அது வெறும் இரைச்சல், தட்டல் என்று ஏமாந்து இக்னிஷன் டைமிங்கைக் குறைத்துவிடும். பந்தய இன்ஜின்களுக்கு பெல்ட் டிரைவும் கிடைக்கிறது. தெருவில் ஓட்டும் வண்டிக்கு இரண்டும் வேண்டாம்.

எல்எஸ்காரரின் முன் உள்ள நான்கு வழிகள்

முதல் வழி, எல்எஸ்1உடன் வந்த ஒற்றைச் செயினையே விட்டுவைப்பது. கேமைத் தொடாத வண்டிக்குச் சரி. கேம் மாற்றும் வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, எல்எஸ்2உடன் வந்த செயின். இதுவும் ஒற்றை வரிசைதான், ஆனால் எல்எஸ்1 செயினைவிட உறுதியானது. பழைய எல்எஸ்1 கியரிலேயே உட்காரும். விலை குறைவு, எந்த மாற்றமும் செய்யாமல் பொருந்தும். மிதமான கேம், நல்ல ஒற்றை பீஹைவ் ஸ்ப்ரிங், 6,500 சுற்றுக்கு அருகில் உச்சவரம்பு என்றால் இதற்கு மேல் தேட வேண்டியதில்லை. கியர் மட்டும் அதிகம் ஓடிய இன்ஜினிலிருந்து வந்தது என்றால் செயினோடு கியரையும் மாற்றுங்கள். தேய்ந்த பல் புதுச் செயினையும் தன் வழிக்குத் தேய்த்துவிடும்.

மூன்றாவது, சி5ஆர் செயின். சி5ஆர் என்பது ஜெனரல் மோட்டார்ஸின் பந்தய கார்வெட். 2001இல் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் ஒட்டுமொத்த வெற்றி, 2001, 2002, 2004இல் லே மான்ஸில் தன் பிரிவில் வெற்றி. அதன் இன்ஜின்களைக் கட்டிய கேடெக் நிறுவனமே அந்தப் பெயரில் செயினை விற்கிறது. பார்த்தால் சாதாரண ஒற்றைச் செயின். எல்எஸ்2 செயினைவிடப் பல மடங்கு விலை. 24 மணி நேரம் முழு வேகத்தில் ஓடிய கார் ஒற்றை வரிசைச் செயினோடு ஓடியது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இரட்டைச் செயின்தான் பலம் என்ற நம்பிக்கைக்கு இதைவிடப் பதில் வேண்டாம். இரட்டை ஸ்ப்ரிங், 0.600க்கு மேல் லிஃப்ட், 7,000 சுற்று என்று போகிறவருக்கு என் தேர்வு இதுதான்.

நான்காவது, இரட்டை வரிசை. அமெரிக்காவின் க்ளாய்ஸ், ஆஸ்திரேலியாவின் ரோல்மாஸ்டர் போன்றவர்கள் நல்ல செட்டுகள் செய்கிறார்கள். குறை அவற்றில் இல்லை, அவை உட்கார வேண்டிய இடத்தில்தான். எல்எஸ் இன்ஜினின் முன்பக்கம் ஒற்றைச் செயினுக்காக அளந்து செய்தது. இரட்டை வரிசை போட்டால் ஆயில் பம்பை ஷிம் வைத்து முன்னுக்குத் தள்ள வேண்டும். பம்ப் நகர்ந்தால் உறிஞ்சு குழாயும் அதற்கேற்ப நேராக வர வேண்டும். கவரின் உட்பக்கம் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். செயின் விசிறாமல் பிடிக்கும் தொழிற்சாலை டேம்பர் பெரும்பாலும் இடிக்கும், கழற்ற வேண்டிவரும். செயினும் கியரும் கனம் வேறு. சாலிட் ரோலர் லிஃப்டர், வால்வ் முழுதும் திறக்கும்போது 500 பவுண்டைத் தாண்டும் ஸ்ப்ரிங், டிராக் பந்தயம் என்றால் இவ்வளவு பாடும் படலாம். மற்றவர்கள் இரட்டைச் செயின் வாங்குவது, மேஜையில் வைத்துப் பார்க்க லட்சணமாக இருக்கிறது என்பதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

டேம்பரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எல்எஸ்1இல் அது இல்லை. எல்எஸ்2 வந்தபோது செயினின் இரண்டு ஓட்டங்களுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் டேம்பரை இரண்டு போல்ட்டில் மாட்டினார்கள். செயின் சாட்டைபோல விசிறாமல் அது பிடித்துக்கொள்கிறது. உங்கள் பிளாக்கில் அந்த இரண்டு துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டேம்பரை மாட்டுங்கள். நல்ல ஒற்றைச் செயினும் டேம்பரும் சேர்ந்தால், டேம்பர் இல்லாத இரட்டைச் செயினைவிட நிதானமாக ஓடும்.

வாங்கும் முன் எண்ண வேண்டியவை

பலத்தைப் பற்றி மட்டுமே யோசித்துத் தவறான செட் வாங்கியவர்கள்தான் அதிகம். போல்ட்டை எண்ணுங்கள். எல்எஸ்1 போன்ற மூன்றாம் தலைமுறை எல்எஸ் இன்ஜின்களின் கேமில் கியரைப் பிடிப்பது மூன்று போல்ட். நான்காம் தலைமுறையில் எல்எஸ்3 உட்படப் பலவற்றில் நடுவில் ஒரே போல்ட். வெளிக்கடையில் வாங்கும் கேம்கள் இரண்டு விதமாகவும் வருகின்றன.

அடுத்து, கேம் சென்சார் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எல்எஸ்1இல் அது பிளாக்கின் பின்புறம், இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால் உட்கார்ந்து கேமின் பின்முனையைப் படிக்கும். கியரில் எந்தக் குறியும் அதற்குத் தேவையில்லை. நான்காம் தலைமுறையில் சென்சார் முன்கவருக்கு வந்துவிட்டது, கேம் கியரின் முகத்தையே படிக்கிறது. கிராங்கில் 58 பல் சக்கரம் உள்ள இன்ஜினுக்குக் கியரில் சென்சார் படிக்க நான்கு முனை வேண்டும். தொடக்க கால எல்எஸ்2 சிலவற்றில் கிராங்கில் 24 பல், கியரில் ஒரு முனை. எல்எஸ்3க்கு மூன்று போல்ட் கேம் வாங்குகிறவர் மூன்று போல்ட்டும் நான்கு முனையும் சேர்ந்த கியரைத் தேட வேண்டும். முனை மாறிப் போனால் செயின் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் கம்ப்யூட்டருக்கு இன்ஜின் எங்கே நிற்கிறதென்றே புரியாது.

கேமில் ஃபேசர் உள்ள இன்ஜின்கள் வேறு கதை. எல்92 டிரக் இன்ஜின், கமாரோவில் வந்த எல்99 போன்றவற்றில் கியரின் இடத்தில் எண்ணெய் அழுத்தத்தால் கேமை முன்பின் திருப்பும் கருவி இருக்கிறது. பெரிய கேமோடு அதன் முழு வீச்சையும் அனுமதித்தால் வால்வ் பிஸ்டனைத் தொடலாம். ஒன்று, வீச்சைக் குறைக்கும் லிமிட்டர் போட வேண்டும். அல்லது ஃபேசரையே எடுத்துவிட்டுச் சாதா கியருக்கு மாற வேண்டும். எதைச் செய்தாலும் கம்ப்யூட்டர் டியூனும் கூடவே மாற வேண்டும்.

பிளாக் ஏற்கெனவே மெஷின் ஷாப்புக்குப் போய்வந்ததா என்பதையும் விசாரியுங்கள். மெயின் பேரிங் வரிசையை ஹோன் செய்திருந்தால் கிராங்க் கேமை நோக்கி ஆயிரத்தில் சில பங்கு அங்குலம் ஏறியிருக்கும். சாதா செயின் முதல் நாளே தளர்ந்து நிற்கும். இதற்காகவே ஆயிரத்தில் 5, 10 பங்கு அங்குலம் குறைத்துச் செய்த செயின் செட்டுகள் கிடைக்கின்றன. பிளாக் ஹோன் ஆகாமலே "இறுக்கமாக இருந்தால் நல்லதுதானே" என்று அதை வாங்கிவிடாதீர்கள். எல்எஸ்1, எல்எஸ்3 பிளாக்குகள் அலுமினியம். அறை வெப்பத்திலிருந்து 80 டிகிரி செல்சியஸ் ஏறினால் கிராங்குக்கும் கேமுக்கும் நடுவில் உள்ள தூரம் கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக விரியும். எஃகுச் செயினும் விரிகிறது, ஆனால் அதில் ஏறக்குறைய பாதிதான். குளிர்ந்த அலுமினிய பிளாக்கில் வீணைத் தந்திபோல நிற்கும் செயின், சூடான பிறகு கேம் பேரிங்கை அரைக்கத் தொடங்கும்.

மாட்டும்போது

கியரில் உள்ள இரண்டு புள்ளியையும் நேருக்கு நேர் வைத்து மாட்டினால் போதும் என்பார்கள். தொழிற்சாலைக் கேமுக்குப் போதும். மாற்றுக் கேமுக்கு டிகிரி சக்கரம் போட்டுப் பார்ப்பது கட்டாயம். கேம், கியர், கீவே மூன்றிலும் சிறு சிறு பிசகு இருக்கும், அவை ஒரே பக்கம் கூடிவிட்டால் நான்கு டிகிரி வந்துவிடும். முதலில் பிஸ்டன் ஸ்டாப் வைத்து உண்மையான உச்சப் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். பிறகு முதல் சிலிண்டரின் இன்டேக் லிஃப்டரில் டயல் கேஜை வைத்து, உச்ச லிஃப்டுக்கு 0.050 அங்குலம் முன்னும் பின்னும் சக்கரம் காட்டும் எண்களைக் குறியுங்கள். 74ம் 148ம் வந்தால் கூட்டிப் பாதி, 111. கேமோடு வந்த அட்டையில் 110 என்றிருந்தால் கேம் ஒரு டிகிரி பின்தங்கியிருக்கிறது, விட்டுவிடலாம். 114 வந்தால் விடக் கூடாது. கிராங்கை எப்போதும் ஓடும் திசையிலேயே திருப்பி அளவெடுங்கள். பின்னால் திருப்பினால் செயினின் தளர்வும் கணக்கில் நுழைந்துவிடும்.

அளவில் தெரியவரும் பிசகைத் திருத்தத்தான் பல கீவே உள்ள கிராங்க் கியர். ஒவ்வொரு கீவேக்கும் ஒரு குறி, அதே குறியுள்ள பல்லும் அந்தக் கியரிலேயே இருக்கும். கீவேயை மாற்றிவிட்டுப் பழைய பல்லையே புள்ளிக்கு நேராக வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. கேமை முன்னுக்கு நகர்த்த நகர்த்த இன்டேக் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி குறையும். இன்டேக்குக்கு 0.080, எக்ஸாஸ்டுக்கு 0.100 அங்குலம் என்பது பொதுவாகக் கட்டுநர்கள் வைத்திருக்கும் எல்லை. களிமண் வைத்தோ மென்மையான சோதனை ஸ்ப்ரிங் வைத்தோ அளந்தே தீர வேண்டும், கடைக்காரர் சொன்னார் என்று விட முடியாது.

செயினைப் போடும் முன் எண்ணெயில் ஊறவையுங்கள். கேம் பிடிப்புத் தகட்டின் பின்னால் உள்ள சீலைப் பாருங்கள், அது போயிருந்தால் எண்ணெய் அழுத்தம் அங்கேயே கசியும். முன்கவரின் போல்ட்டுகளைத் தளர்வாக வைத்து, பேலன்சரை ஏற்றி சீல் நடுவில் உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள்.

ஆயில் பம்பைத் திரும்ப மாட்டும்போது உறிஞ்சு குழாயின் ஓ ரிங்கைப் பற்றி என் சொந்தக் கதை ஒன்று. ஒரு தடவை செயின், கேம் எல்லாம் கச்சிதமாகப் போட்டு ஸ்டார்ட் செய்தேன், எண்ணெய் அழுத்தமே இல்லை. அவசரத்தில் அந்த ஓ ரிங் ஓரத்தில் கிள்ளிக் கிழிந்திருந்தது. பம்ப் எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. சில விநாடிக்குள் நிறுத்தியதால் பேரிங்குகள் பிழைத்தன. முழு முன்பக்கத்தையும் மறுபடி கழற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. புது ஓ ரிங் வாங்குங்கள், எண்ணெய் தடவுங்கள், குழாயைச் சாய்க்காமல் நேராக உள்ளே தள்ளுங்கள். போல்ட்டை இறுக்கிக் குழாயை உள்ளே இழுக்கப் பார்க்காதீர்கள்.

செயினோடு சேர்த்து வாங்க வேண்டிய ஒன்று பட்டியலில் பெரும்பாலும் விட்டுப்போகும்: கிராங்க் முனை போல்ட். அது ஒரு தடவை இழுபட்டு இறுகும் வகை, மறுபடி பயன்படுத்த முடியாது. பழைய போல்ட்டைப் போட்டு 330 நியூட்டன் மீட்டர் இறுக்கி பேலன்சரை உட்காரவைத்து, அதைக் கழற்றி எறிந்துவிட்டு, புதியதை 50 நியூட்டன் மீட்டரும் அதற்கு மேல் 140 டிகிரியும் திருப்ப வேண்டும். எல்எஸ் இன்ஜினில் கிராங்க் கியரையும் பேலன்சரையும் அழுத்திப் பிடித்திருப்பது அந்த ஒரே போல்ட்தான்.